முடியினும் மெல்லிய எண்ணெய்ப் படலம்

ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகச் சென்றால் ஜவ்வாது மலையின் காவலூரை அடையலாம். அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986 ஜனவரி 6 அன்று வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. பார்க்க வருவோர் கண்ணாடியின் அகலத்தைக் கேட்டு வியக்கிறார்கள். அத்தனை பாரத்தையும் தாங்கும் எண்ணெயைப் பற்றி எவரும் கேட்பதில்லை. நான் பொறியாளன் அல்லன், பொருளாதாரம் கற்பித்தவன். ஆயினும் அந்த எண்ணெய் எனக்கும் ஒரு பாடம் சொல்கிறது.

பூமி சுழல்வதால் விண்மீன்கள் நகர்வதுபோல் தோன்றுகின்றன. ஒன்றைப் பின்தொடர, தொலைநோக்கி 23 மணி 56 நிமிடங்களுக்கு ஒரு சுற்று என்னும் கணக்கில் நகர வேண்டும். இவ்வளவு மெதுவான அசைவில் சாதாரண பேரிங் சிக்கிச் சிக்கி நகரும், படம் கலங்கிவிடும்.

சுழலும் வேகத்திலேயே எண்ணெயை இழுத்துத் தன் அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் தாங்கிகளும் உண்டு. நீர்மின் நிலையச் சுழலிகளில் இருப்பவை இவ்வகையே. ஆனால் வேகம் இல்லாதபோது அவற்றில் படலமும் இல்லை. ஆகவே பெரிய தொலைநோக்கிகளுக்கு ஹைட்ரோஸ்டேட்டிக் தாங்கிகளைத் தேர்ந்தனர். காவலூரிலும் வடக்கு முனையின் குதிரைலாட வளையம் எண்ணெய்த் திண்டுகளின் மேல் அமர்ந்துள்ளது.

இதன் இயக்கம் எளிது. திண்டின் நடுவில் ஓர் ஆழமற்ற குழி. பம்பு அதற்குள் எண்ணெயை உயர் அழுத்தத்தில் செலுத்துகிறது. அழுத்தம் பாரத்தை வென்றதும் வளையம் சற்றே உயர்கிறது. விளிம்பின் இடுக்கு வழியே எண்ணெய் வழிந்து தொட்டிக்குத் திரும்புகிறது. அந்த இடுக்கு ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. அமெரிக்காவின் பலோமார் மலையில் 1948இல் திறக்கப்பட்ட 200 அங்குலத் தொலைநோக்கியின் ஏறத்தாழ 500 டன் எடையை, ஒரு குதிரைத்திறனில் பன்னிரண்டில் ஒரு பங்கு மோட்டார் நகர்த்த முடிந்தது இதனால்தான்.

பல திண்டுகளுக்கு ஒரே பம்பு என்றால் ஒரு சிக்கல் எழும். கீழ்வீட்டுக் குழாயை முழுதும் திறந்தால் மேல்மாடியில் நீர் வராததைப்போல, பாரம் குறைந்த திண்டின் வழியே எண்ணெய் முழுவதும் ஓடிவிடும். ஆகவே ஒவ்வொரு திண்டுக்கும் முன்னால் ஒரு குறுகிய தடைத்துளை வைக்கப்படுகிறது. பாரம் கூடினால் இடுக்கு சுருங்கும், ஓட்டம் குறையும், ஓட்டம் குறைந்தால் துளையில் இழக்கும் அழுத்தமும் குறையும், குழியின் அழுத்தம் உயர்ந்து பாரத்தைத் தாங்கும். யாரும் கட்டளையிடாமலே சமநிலை திரும்புகிறது. பொருளாதார ஆசிரியனுக்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஆனால் இந்தச் சமநிலை இலவசமன்று. எண்ணெயின் ஓட்டம் இடுக்கின் மும்மடிப் பெருக்கத்தில் வளர்வது. இடுக்கு இரு மடங்கானால் எட்டு மடங்கு எண்ணெய் வேண்டும். எண்ணெய் சூடேறினால் இளகி வேகமாக ஓடும். அதைக் குளிர்விக்க வேண்டும். நுண்துகள் புகுந்தால் துளை அடைபடும், பரப்பு கீறும். வடிகட்டியைக் காலத்தே மாற்ற வேண்டும். பம்பு ஓடி, அழுத்தம் ஏறிய பிறகே மோட்டாரை இயக்க வேண்டும். நிறுத்தும்போது மோட்டார் முதலில் நிற்க வேண்டும்.

நம் அரசுக் கணக்கில் இயந்திரம் மூலதனச் செலவு. எண்ணெயும் வடிகட்டியும் நடப்புச் செலவு. முன்னதற்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. நெருக்கடி வந்தால் முதலில் வெட்டப்படுவது பின்னது. சில ஆயிரங்களை மிச்சம்பிடித்துப் பல கோடிச் சொத்தைத் தேய்க்கிறோம்.

இது தோல் தொழில் வட்டாரத்துக்கும் பொருந்தும். மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் வலியுறுத்தியது. இங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் பாலாற்றைக் காப்பவை அந்தக் கட்டடங்கள் அல்ல. நாள்தோறும் ஓடும் பம்புகளும் மின்கட்டணமும் கூலியும்தாம். ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தரும்போதே அதன் ஆயுள் முழுமைக்குமான பராமரிப்புத் தொகையைத் தனியே ஒதுக்கி, வேறு செலவுக்கு மாற்ற இயலாதபடி பூட்டிவைக்க வேண்டும். பம்பு நின்றால் படலம் நிற்காது.