வாத்தியம் இல்லாத பங்க் பேண்ட்!

'டான்டாடான்' ரெண்டாவது சீசன் பார்த்தவங்களுக்கு ஒரு கேள்வி. ஓப்பனிங் பாட்டை ஸ்கிப் பண்ணாம கேட்டீங்களா? கரகரன்னு ஆரம்பிச்சு, உடைஞ்சிடுமோன்னு நாம நினைக்கிற நேரத்துல எகிறுதே ஒரு குரல், அது அயினா தி எண்ட் என்ற பாடகியோடது. அவருக்குப் பேர் வாங்கித் தந்தது 'பிஷ்' என்ற பெண்கள் குழு. ஜப்பான் ஐடல் உலகத்துக்குள்ள பங்க் இசையோட நுழைஞ்ச கூட்டம் அது.

முதல்ல ஐடல்னா என்னன்னு பார்த்துடுவோம். ஜப்பான்ல ஐடல் என்பவர் வெறும் பாடகி இல்ல. ஒரு நிறுவனம் ஆடிஷன் வச்சு ஆள் எடுக்கும், பயிற்சி கொடுக்கும், மேடை ஏத்தும். எப்பவும் சிரிச்ச முகம் வேணும். ரசிகர்கள் வரிசையில வந்து கை குலுக்கிட்டுப் போக தனி நிகழ்ச்சியே உண்டு. பல குழுக்கள்ல காதலிக்கக்கூடத் தடை. குழுவை விட்டு விலகினா அதுக்குப் பேர் 'பட்டமளிப்பு'!

பங்க் இதுக்கு நேர் எதிர். 1970-களில் நியூயார்க்லயும் லண்டன்லயும் கிளம்பின இசை. மூணு கார்டு தெரிஞ்சா போதும், வேகமா வாசி, சத்தமா கத்து, சீக்கிரம் முடி. அழகா இருக்கணும்னு எந்த அவசியமும் இல்ல.

இந்த ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டவர் ஜுன்னோசுகே வதனாபே. 2010-ல் 'பிஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். அது 2014-ல் கலைஞ்சது. அடுத்த வருஷமே பிஷ் வந்தது. முழுப்பேர் 'பிராண்ட் நியூ ஐடல் ஷிட்'. ஆமா, கடைசி வார்த்தையை நீங்க சரியாத்தான் படிச்சீங்க. 'வாத்தியம் ஏந்தாத பங்க் பேண்ட்' என்பதுதான் அவங்க தங்களுக்கு வச்சுக்கிட்ட அடைமொழி. இசைக்குப் பொறுப்பு கென்டா மட்சுகுமா.

இங்கதான் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரணும். ஆள் எடுத்தது நிறுவனம், பாட்டு போட்டது வேற ஒருத்தர், கையில கிட்டார் கூட இல்ல. இதுல பங்க் எங்க இருக்கு? நியாயமான கேள்வி. பதில் சொல்றதுக்கு முன்னாடி நாலு பாட்டு கேட்டுட்டு வந்துடலாம்.

டெட்மேன் (2016): ஏவெக்ஸ் என்ற பெரிய இசை நிறுவனத்துல அவங்க முதல் சிங்கிள். பெரிய இடத்துல வாய்ப்பு கிடைச்சா எல்லாரும் இனிமையான மெட்டாத்தான் தேடுவாங்க. இவங்க போட்டது முழுக்கக் கத்தல். ரெண்டு நிமிஷம்கூட ஓடாது. என்ன ஆச்சுன்னு யோசிக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்.

ஆர்கெஸ்ட்ரா (2016): 'கில்லர் பிஷ்' ஆல்பத்துல வந்தது. வயலின் கூட்டம் ஒரு பக்கம், கிட்டார் இரைச்சல் ஒரு பக்கம், நடுவுல அயினாவோட கரகரப்பு. பிரிவைப் பத்தின பாட்டு. இதே பாட்டை ஒரு சுத்தமான குரல் பாடியிருந்தா அழகா இருந்திருக்கும், அவ்வளவுதான். குரல் கிழியிற இடத்துலதான் மனசுல தைக்குது.

பிராமிஸ் தி ஸ்டார் (2017): டிசம்பர் 31 ராத்திரி ஜப்பானே குடும்பமா உட்கார்ந்து பார்க்கிற டிவி நிகழ்ச்சி கோஹாகு. 2021-ல் அந்த மேடையில பிஷ் பாடினது இதைத்தான். அதுக்கு ஒரு வாரம் முன்னாடி, டிசம்பர் 24 அன்னிக்கு, 2023-ல் குழுவைக் கலைக்கப் போறோம்னு அறிவிச்சிருந்தாங்க. உச்சிக்கு ஏறின அதே வாரத்துல இறங்கப் போற தேதியையும் சொல்லியாச்சு!

பெயிண்ட் இட் பிளாக் (2018): 'பிளாக் க்ளோவர்' அனிமேயோட ரெண்டாவது ஓப்பனிங். ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டோட தலைப்புதான், ஆனா இது வேற பாட்டு. புதுசா கேட்கிறவங்க இதுலேர்ந்து தொடங்கலாம்.

இப்ப அந்தக் கேள்விக்கு வருவோம். நிறுவனம் செஞ்ச பங்க், பங்க் ஆகுமா? வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினா, பங்க்னு சொன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்ற செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவுக்குப் பின்னாடியும் ஒரு மேனேஜர் இருந்தார். மால்கம் மெக்லாரன், லண்டன்ல துணிக்கடை வச்சிருந்தவர். கலகத்தைத் திட்டம் போட்டு விக்கிறது பங்க் பிறந்தப்பவே கூடப் பிறந்த சமாச்சாரம். அதனால யார் தொடங்கி வச்சாங்கன்னு பார்க்கிறதைவிட, உள்ளே போனவங்க அதை என்ன பண்ணினாங்கன்னு பார்க்கிறதுதான் சரி.

பிஷ் என்ன பண்ணினாங்க? பெரும்பாலான பாட்டுக்கு நடனம் அமைச்சது வெளியாள் இல்ல, அயினாவேதான். பல பாட்டுக்கு வரிகளை உறுப்பினர்களே எழுதினாங்க. 2020-ல் கொரோனா வந்து, அவங்க பாடி வளர்ந்த சின்னச் சின்ன லைவ் ஹவுஸ் எல்லாம் மூடிக் கிடந்தப்போ, 'ஃபார் லைவ்' என்ற தொகுப்பு ஆல்பத்தை வெளியிட்டு, அதோட வருமானத்தை அந்த அரங்குகளுக்கே கொடுத்தாங்க. நமக்கு மேடை கொடுத்தவன் விழும்போது நாம தாங்கணும்னு நினைக்கிறது எந்த நிறுவனம் எழுதிக் கொடுத்த வசனமா இருந்தாலும், பங்க்தான்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது ஆயூனி டி கதை. 2016-ல் குழுவில சேர்ந்தவர். 2018-ல் 'பெட்ரோ' என்ற சொந்த பேண்ட் தொடங்கி, பேஸ் கிட்டாரை எடுத்து மாட்டிக்கிட்டுப் பாட ஆரம்பிச்சார். பக்கத்துல கிட்டார் வாசிச்சது 'நம்பர் கேர்ள்' பேண்டோட ஹிசாகோ தபுச்சி, ஜப்பான் ராக் ரசிகர்கள் கொண்டாடுற ஆள். வாத்தியம் ஏந்தாத பேண்ட்லேர்ந்து வந்த பொண்ணு வாத்தியத்தை ஏந்திட்டா!

2023 ஜூன் 29 அன்னிக்கு டோக்கியோ டோம்ல கடைசி நிகழ்ச்சி. அசிங்கமான பேரோட ஆரம்பிச்ச குழு, எட்டு வருஷத்துல நாட்டோட மிகப் பெரிய அரங்குகள்ல ஒண்ணுல நின்னு விடைபெற்றது.

குரல் நல்லா இல்ல, வாத்தியம் தெரியாது, இன்னும் கத்துக்கணும்னு கல்ச்சுரல்ஸ் மேடைக்குப் பேர் கொடுக்காம இருக்கிறவங்க நம்ம கிளாஸ்லயே எத்தனை பேர்? இன்னிக்கு ராத்திரி ஹெட்போனை மாட்டி 'ஆர்கெஸ்ட்ரா'வை ஒரு தடவை கேளுங்க. அப்புறம் போய்ப் பேர் கொடுங்க.