ஒரு குட்டி பல்சக்கரம் உடைந்தால்... பழைய கார்வெட்டின் எலெக்ட்ரானிக் ஷாக் அப்சார்பரைக் காப்பாற்றுவது எப்படி?

சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது, ஏசியும் வேலை செய்கிறது. ஆனால், டேஷ்போர்டில் 'சர்வீஸ் ரைடு கன்ட்ரோல்' என்ற எச்சரிக்கை விளக்கு மட்டும் அணைவதே இல்லை. அமெரிக்காவில் 1990-களின் ஷெவர்லே கார்வெட் வைத்திருக்கும் பலருக்கு இது பழகிப்போன காட்சி. காரின் ஷாக் அப்சார்பர்களைக் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக் அமைப்பில் ஏதோ கோளாறு என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அந்த அமைப்பைக் கழற்றி வீசிவிடலாமா, இல்லை சரிசெய்யலாமா? 30 ஆண்டுகளைக் கடந்த கார் என்பதால், இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு விலை உண்டு.

ஷாக் அப்சார்பர் என்னதான் செய்கிறது?

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி ஏறியதும் அது தொடர்ந்து மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. உள்ளே எண்ணெய் நிரம்பிய குழாய், அதில் நகரும் பிஸ்டன். பிஸ்டனில் உள்ள சின்னத் துளைகள் வழியே எண்ணெய் சிரமப்பட்டுப் புகுந்து வரும்போது ஆட்டம் அடங்குகிறது.

துளை சிறிதாக இருந்தால் ஷாக் 'டைட்' ஆக இருக்கும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது கார் சாயாது. ஆனால், ஒவ்வொரு மேடு பள்ளமும் முதுகில் தெரியும். துளை பெரிதாக இருந்தால் பயணம் சொகுசு. ஆனால், அதிவேகத்தில் கார் அலைபாயும். சாதாரண ஷாக்கில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

கார்வெட் என்ன செய்தது?

1989-ல் கார்வெட்டில் 'எஃப்எக்ஸ்3' என்ற அமைப்பு வந்தது. ஷாக்குகள் பில்ஸ்டீன் நிறுவனத்துடையவை. அப்போது கூப்பே மாடலின் விலை 31,545 டாலர். இந்த ஒரு வசதிக்கு மட்டும் கூடுதலாக 1,695 டாலர் கட்ட வேண்டும். அடுத்த ஆண்டு வந்த, அதிக சக்தி கொண்ட இசட்ஆர்-1 மாடலில் இது ஸ்டாண்டர்டாகவே கிடைத்தது.

டிரைவர் அருகே ஒரு ஸ்விட்ச். அதில் டூரிங், ஸ்போர்ட், பெர்ஃபார்மன்ஸ் என மூன்று நிலைகள். ஒவ்வொரு ஷாக்கின் தலையிலும் ஆக்சுவேட்டர் என்ற சின்னப் பெட்டி. அதற்குள் ஒரு மோட்டாரும் சில பல்சக்கரங்களும் இருக்கின்றன. மோட்டார் சுழலும்போது, பிஸ்டன் தண்டுக்கு உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி திரும்பி, எண்ணெய் போகும் வழியைக் குறைக்கும் அல்லது கூட்டும். காரின் வேகம் ஏற ஏற, டிரைவர் தேர்ந்தெடுத்த நிலைக்குள்ளேயே கம்ப்யூட்டர் ஷாக்கைப் படிப்படியாக இறுக்கும்.

எங்கே கெடுகிறது?

உடைவது பெரும்பாலும் பெரிய பாகம் அல்ல. ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் குட்டி பல்சக்கரம் வயதாகி விரிசல் விட்டால் போதும். மோட்டார் சுழலும், கம்பி திரும்பாது. கம்ப்யூட்டர் கேட்ட நிலையும் ஷாக் இருக்கும் நிலையும் ஒத்துப்போகாததால் எச்சரிக்கை விளக்கு எரியும்.

விளக்கு எரிந்தாலும் கார் ஓடத்தானே செய்கிறது என்று விட்டுவிடலாமா? கூடாது. கெட்டுப்போன ஷாக், கடைசியாக இருந்த நிலையிலேயே நின்றுவிடும். ஒரு சக்கரம் டைட்டாகவும் எதிர்ப்பக்கச் சக்கரம் லூஸாகவும் இருந்தால், வேகமான வளைவில் கார் இடது பக்கம் ஒரு மாதிரியும் வலது பக்கம் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும்.

சரிசெய்வது எப்படி?

முதல் வேலை, எது கெட்டது என்று கண்டுபிடிப்பது. ஃபியூஸ், ஒயர், கனெக்டர் ஆகியவற்றைப் பார்க்காமலேயே ஷாக்கைக் கழற்றுவது வீண் செலவு. 30 வருடத் துரு படிந்த ஒரு கனெக்டரே மொத்தப் பிரச்சினைக்கும் காரணமாக இருக்கலாம்.

அடுத்து, இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்துவிட்டு, ஸ்விட்ச்சை மாற்றியபடி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். மோட்டார் சத்தமே வரவில்லை என்றால் மின்சாரமோ மோட்டாரோ காரணம். சத்தம் வந்தும் கம்பி திரும்பவில்லை என்றால் பல்சக்கரத்தின் மீது சந்தேகம். உறுதிசெய்ய, ஒரே அச்சில் இருக்கும் இடது, வலது ஆக்சுவேட்டர்களை மாற்றிப் பொருத்திப் பார்க்கலாம். கோளாறு கூடவே இடம் மாறினால் ஆக்சுவேட்டர்தான் குற்றவாளி. மாறாவிட்டால் ஒயரிங்கையோ ஷாக்கையோ பார்க்க வேண்டும்.

பல்சக்கரம்தான் பிரச்சினை என்றால், பெட்டியைத் திறந்து அதை மட்டும் மாற்றலாம். கழற்றும் முன் எது எந்தச் சக்கரத்தில், எந்தத் திசையில் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், திரும்பப் பொருத்தும்போது தலைவலி இல்லை.

எண்ணெய் கசிந்தால் கதையே வேறு. பில்ஸ்டீன் ஷாக்குக்குள் நைட்ரஜன் வாயு அதிக அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் திறந்து பார்ப்பது உயிருக்கே ஆபத்து. அதற்கென இருக்கும் பட்டறையில்தான் வாயுவை வெளியேற்றி, சீல்களை மாற்றி, புது எண்ணெயும் வாயுவும் நிரப்புவார்கள். பிறகு, சோதனை இயந்திரத்தில் ஏற்றி, எல்லா நிலைகளிலும் ஷாக் எவ்வளவு எதிர்ப்பு தருகிறது என்று அளக்க வேண்டும். நான்கும் ஒத்துப்போனால்தான் வேலை முடிந்தது.

சாதாரண ஷாக் போட்டால் என்ன?

போடலாம். செலவு குறையும், கார் பாதுகாப்பாகவும் ஓடும். தினமும் ஓட்டுகிறவருக்கு அது நியாயமான முடிவுதான். ஆனால், ஸ்விட்ச் வெறும் அலங்காரமாகிவிடும். இசட்ஆர்-1 போன்ற மாடலை வாங்க வருபவர், ஒரிஜினல் பாகங்கள் இருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்ப்பார். எனவே, மாற்றினாலும் பழைய ஷாக்கையும் ஆக்சுவேட்டரையும் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்துவது நல்லது.

இன்றைய கார்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

எஃப்எக்ஸ்3 அமைப்பு 1995 மாடலோடு முடிந்தது. 2003-ல் கார்வெட் இன்னொரு படி மேலே போனது. காந்தப்புலம் பட்டால் கெட்டியாகும் திரவம் நிரப்பிய ஷாக்குகள் வந்தன. அவற்றில் மோட்டாரும் இல்லை, பல்சக்கரமும் இல்லை.

அதாவது, பழைய அமைப்பைத் திறந்து பார்த்தால் உடைந்த பல் கண்ணுக்குத் தெரியும். அதே அளவில் புதிதாக ஒன்றைக் கடைந்து பொருத்திவிடலாம். புதிய கார்களில் உடைவது சிப்பாகவோ சாஃப்ட்வேராகவோ இருந்தால், அதைக் கடைந்து தரப் பட்டறை கிடையாது. தயாரித்த நிறுவனம் பாகத்தையும் தகவலையும் தந்தால்தான் வழி.

1989-ல் 1,695 டாலர் கொடுத்து வாங்கிய வசதி இன்றும் சில கார்களில் வேலை செய்கிறது என்றால், அதைத் திறந்து பார்த்துச் சரிசெய்ய முடிந்ததுதான் காரணம். அடுத்த கார் வாங்கும்போது ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "இந்தப் பாகம் எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும்?"