உழவியந்திரத்திற்கு ஏற்ற பட்டி

பெரும்போக மழை பெய்து நிலம் பதமாகியிருக்கும் வேளையில், இரு சக்கர உழவியந்திரத்தின் பெல்ற் எனப்படும் பட்டி அறுந்துவிடின் உழவு நின்றுவிடும். அவசரத்தில் கைக்கெட்டியதை வாங்கி மாட்டுவது மேலும் நட்டத்தையே தரும்.

எஞ்சினின் ஆற்றலைப் பற்சில்லுப் பெட்டிக்குக் கொண்டு செல்லும் இப்பட்டி ஆப்பு வடிவினது. அதன் இரு பக்கங்களே கப்பியின் பள்ளச் சுவர்களைப் பற்றி இழுக்கின்றன. அடிப்பாகம் பள்ளத்தின் அடியைத் தொடலாகாது. ஒடுங்கிய பட்டி அடியில் அமர்ந்து வழுக்கும், சூடேறிக் கருகும். ஆகவே முதலிற் கவனிக்கத்தக்கது அகலமாகும். 'ஏ' வகை 13 மில்லிமீற்றர் அகலமும், 'பீ' வகை 17 மில்லிமீற்றர் அகலமும் உடையன. எழுத்தை அடுத்துவரும் எண் நீளத்தைக் குறிக்கும். 'பீ 60' எனின் உட்சுற்று 60 அங்குலம். பழைய பட்டி உழைத்து நீண்டிருக்குமாதலால் அதனை அளந்து வாங்குதல் பொருந்தாது. எண் அழிந்திருப்பின் இயந்திரத்தோடு வந்த கைந்நூலைப் பார்த்தல் வேண்டும்.

பல பட்டிகள் சேர்ந்தோடும் இயந்திரத்தில், ஒன்று அறுந்தாலும் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுதலே முறை. இல்லையேல் இறுக்கமான புதியது சுமை முழுவதையும் தாங்க, தளர்ந்த பழையவை வாளாவிருக்கும். புதியதும் விரைவில் அறுந்துபோம். பட்டியின் விலையை மிச்சம் பிடிக்கப் பார்த்து, விதைப்பின் பருவத்தை இழத்தல் அறிவுடைமையன்று.