மேக்சிமாவுக்கு ஏற்ற எடிட்டர்

இயற்கணிதம் போட உதவும் இலவச சாப்ட்வேர் மேக்சிமா. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1968ல் தொடங்கிய ஒரு திட்டத்தின் வாரிசு இது. வில்லியம் ஷெல்டர் என்ற பேராசிரியர் 1998ல் அனுமதி பெற்று, இதை ஜி.பி.எல். உரிமத்தில் அனைவருக்கும் கிடைக்கச் செய்தார்.

இதில் புரோகிராம் எழுத நான் முதலில் சாதாரண நோட்பேடைத்தான் பயன்படுத்தினேன். வீட்டைப் பழுது பார்க்க என் தம்பி 5 லட்சம் ரூபாய் கடன் வாங்க இருந்தான். 9 சதவீத வட்டி, 10 வருடம். மாதத் தவணை ரூ.7,174 என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். கட்டுப்படியாகாது என்று கடனையே வேண்டாம் என்றான். சரியான தவணை ரூ.6,334 தான்!

தவறு எங்கே? மேக்சிமாவில் ஒரு மாறிக்கு மதிப்பு தர கோலன் (:) இட வேண்டும். நான் மற்ற மொழிகளின் பழக்கத்தில் சமக்குறி (=) இட்டிருந்தேன். மேக்சிமாவுக்கு அது வெறும் சமன்பாடு. எர்ரர் எதுவும் காட்டாமல், அன்று காலை 12 சதவீதத்துக்கு நான் போட்டுப் பார்த்த பழைய மதிப்பையே எடுத்துக்கொண்டது.

இதைக் கண்ணில் காட்ட நோட்பேட் பிளஸ் பிளஸ் உதவும். இதுவும் இலவசமே.

1. லாங்வேஜ் மெனுவில் யூசர் டிபைண்ட் லாங்வேஜ் சென்று, டிபைன் யுவர் லாங்வேஜ் என்பதைக் கிளிக் செய்யுங்கள்.

2. கிரியேட் நியூ அழுத்தி மேக்சிமா என்று பெயர் கொடுங்கள். எக்ஸ்டென்ஷன் கட்டத்தில் எம், ஏ, சி என்ற மூன்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளை, புள்ளி இல்லாமல் டைப் செய்யுங்கள்.

3. கீவேர்ட்ஸ் பகுதியில் இஃப், தென், எல்ஸ், ஃபார், த்ரூ, டூ, வைல், பிளாக், ரிட்டர்ன் ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் இடைவெளி விட்டு எழுதி, ஸ்டைலர் பட்டன் மூலம் நீல நிறம் கொடுங்கள்.

4. கமென்ட் பகுதியில் தொடக்கமாக /* என்றும் முடிவாக */ என்றும் கொடுங்கள்.

5. ஆபரேட்டர்ஸ் பகுதியின் முதல் கட்டத்தில் : ( ) [ ] , ; $ ஆகியவற்றை இடைவெளி விட்டு எழுதி, சிவப்பு நிறம் கொடுங்கள். அடைப்புக்குறிகளை விட்டுவிட்டால், அவற்றை ஒட்டி வரும் கீவேர்டுகள் நிறம் மாறாது. சமக்குறியை மட்டும் சேர்க்க வேண்டாம்.

இனி மதிப்பு தரும் வரியில் சிவப்புக் கோலனுக்குப் பதில் கறுப்பு சமக்குறி தெரிந்தால் உடனே கவனிப்பீர்கள்.

பைலை சேவ் செய்து, மேக்சிமாவில் பேட்ச் கட்டளையால் இயக்குங்கள். விண்டோஸில் பைலின் பாதையை எழுதும்போது முன்சாய்ந்த கோட்டை (/) இடுங்கள். பைலின் முதல் வரியில் கில் கட்டளையை ஆல் என்ற சொல்லுடன் எழுதினால் பழைய மதிப்புகள் அனைத்தும் அழியும். அன்று இந்த ஒரு வரி இருந்திருந்தாலே, தவணைத் தொகைக்குப் பதில் மாறியின் எழுத்தே விடையில் வந்து என்னை எச்சரித்திருக்கும்.

தம்பியிடம் கணக்கைத் திருத்திச் சொல்லிவிட்டேன். இப்போது வீட்டு வேலை நடக்கிறது.