லண்டனுக்குப் போலந்து வழி

1825இல் 'எண்டர்பிரைஸ்' என்ற நீராவிக் கப்பல் இங்கிலாந்திலிருந்து கிளம்பி, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக் கல்கத்தா வந்து சேர 113 நாள் ஆயிற்று. இன்று அதே ஊரின் தம்தம் விமான நிலைய ஓடுபாதையிலிருந்து ஒரு ஜெட் விமானம் எங்கும் நிற்காமல் லண்டன் போனால் எவ்வளவு நேரம்? தூரத்தை வேகத்தால் வகுத்தால் போயிற்று. ஆனால், எந்தத் தூரம்?

மெர்கேட்டர் முறையில் வரைந்த உலகப் படத்தில் இரண்டு ஊரையும் ஸ்கேல் வைத்துச் சேருங்கள். கோடு ஆக்ரா, டெஹ்ரான் பக்கமாகப் போய்க் கருங்கடலைத் தாண்டும். தூரம் சுமார் 8,350 கி.மீ. இனி ஓர் உலக உருண்டையை எடுத்து, அதே ஊர்களுக்கு இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் நேபாளம், லடாக், ஆரல் கடல் என்று வடக்கே ஏறும். போலந்தில் லண்டனையும்விட வடக்கே போய், பிறகு கீழிறங்கும். சுற்றுவழி போலத் தெரிகிறதல்லவா? அளந்தால் சுமார் 7,980 கி.மீ.தான். உருண்டையைத் தட்டையாக்கியபோது படம்தான் வளைந்தது. நூல் நேராகவே இருக்கிறது. இந்த வழிக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர்.

ஆனால் நூல் போகும் வழியில் விமானம் போவதில்லை. அந்த வழி இமயமலையின் நீளவாக்கிலேயே கிடக்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால், பயணிகளின் முகமூடியில் ஆக்சிஜன் ஏறக்குறைய கால் மணி நேரத்துக்குத்தான் வரும். அதற்குள் சுமார் 3 கி.மீ. உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். வழியிலுள்ள நங்கா பர்பத் சிகரத்தின் உயரமோ 8,126 மீட்டர். இறங்க இடம் ஏது? ஆகவே, கொஞ்சம் சுற்றினாலும் தாழ்ந்த நிலத்தின் மேலேயே பறக்கிறார்கள்.

அடுத்தது காற்று. பூமி சுழல்வதால்தான் ஒரு திசையில் நேரம் கூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பூமியோடு காற்றும் சேர்ந்தே சுழல்வதால் அது காரணமல்ல. 10, 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டமே காரணம்.

கணக்குக்கு நூலின் தூரத்தையே வைத்துக்கொள்வோம். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்று 80 கி.மீ. காற்றே இல்லையென்றால் 8 மணி 52 நிமிடம். லண்டன் போகும்போது எதிர்காற்று: 9 மணி 44 நிமிடம். திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது: 8 மணி 9 நிமிடம்.

போகையில் 52 நிமிடம் நஷ்டம், வருகையில் 43 நிமிடம்தான் லாபம். காற்று ஒன்றுதான், ஆனால் அதை எதிர்த்துப் பறக்கும்போது அதற்குள் கூடுதல் நேரம் இருக்கிறோம். தள்ளிவிடும்போது சீக்கிரமே ஊர் வந்துவிடுகிறது. மீதி 9 நிமிடத்தைக் காற்று திருப்பித் தருவதேயில்லை.