பதினாறு பைற்றுகளுக்குள் ஓர் ஓசை

1989ஆம் ஆண்டு ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'கேம் போய்' என்ற கையடக்க விளையாட்டுக் கருவி, இசைக்கருவியாகத் தயாரிக்கப்பட்டதல்ல. ஆயினும், 1998இல் ஜேர்மனியில் உருவான நனோலூப், 2000இல் சுவீடன் நாட்டவரான யோகான் கொட்லின்ஸ்கி உருவாக்கிய லிட்டில் சவுண்ட் டீஜே ஆகிய மென்பொருட்களின் வருகைக்குப் பின்னர், அதனைக் கையிலேந்தி மேடையேறும் கலைஞர்கள் தோன்றினர். 'சிப்டியூன்' எனப்படும் இவ்விசையைச் சிறுபிள்ளை விளையாட்டெனத் தள்ளிவிடுவோர் இன்றும் உளர். அதன் பின்னாலுள்ள உழைப்பை அறியாமையே இதற்குக் காரணம் என நாம் கருதுகின்றோம்.

கேம் போயில் நான்கு ஒலித்தடங்கள் உள்ளன. அவற்றுள் மூன்றாவது மட்டுமே நாம் விரும்பும் அலைவடிவத்தை ஏற்கும். அதற்கென ஒதுக்கப்பட்ட நினைவகம் வெறும் 16 பைற்றுகளாகும். அதனுள் 32 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 15 வரை 16 படிநிலைகள். இறுவட்டு ஒன்றிலோ செக்கனுக்கு 44,100 புள்ளிகளும் 65,536 படிநிலைகளும் இருக்கின்றன. இவ்விடைவெளியைக் கடப்பதுதான் மாற்றுபவரின் பணி.

முழு ஒலிப்பதிவையும் சுருக்கிவிட முயல்வது வீண். ஓசையின் ஒரேயொரு சுற்றை மட்டும் வெட்டியெடுத்து, அதனையே திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்ய வேண்டும். 440 ஹேர்ட்ஸ் சுருதியில் பதிவான புல்லாங்குழல் ஓசையில் ஒரு சுற்று ஏறத்தாழ 100 புள்ளிகள் நீளமுடையது. அதனை 32 ஆகக் குறைக்கையில், அடிப்படைச் சுருதியின் 16 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளை முன்னரே வடிகட்டிவிட வேண்டும். இல்லையேல், அவை மூல ஓசையில் இல்லாத கரகரப்பாகத் திரும்பி வரும். வெட்டும் இடமும் முக்கியமானது. சுற்றின் முடிவு அதன் தொடக்கத்துடன் பொருந்தாவிடின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறிவு விழும். பின்னர், 16 படிநிலைகளும் பயன்படுமாறு அலையை உயர்த்தி, அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றி, பைற்றுக்கு இரு புள்ளிகளாக அடுக்கினால் வேலை முடிந்தது. கணினி இதனை நொடியில் செய்துவிடும். எந்தச் சுற்றைத் தெரிவது என்பதைச் செவிதான் தீர்மானிக்க வேண்டும்.

எல்லா ஓசையும் இதற்கு இணங்குவதில்லை. குழலும் வயலினும் நீண்ட சுரத்தில் ஏறக்குறைய ஒரே வடிவத்தையே மீண்டும் மீண்டும் வரைகின்றன. மணியோசையோ அவ்வாறு மீள்வதில்லை. முரசொலிக்கு அந்த 16 பைற்றுகளையும் இடைவிடாது புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். பழைய கருவிகளில் ஒவ்வொரு புதுப்பித்தலும் மெல்லிய இரைச்சலை எழுப்பும். அவ்விரைச்சலையே விரும்பிக் கேட்போரும் உண்டு என்பது வேறு விடயம்.

எமக்குக் கவலையளிப்பது மற்றொன்று. இவ்வாறு செதுக்கிய அலைகளும் பாடல்களும் பெரும்பாலான பழைய கட்றிஜ்களில் சிறியதொரு மின்கலத்தின் தயவிலேயே நிலைத்திருக்கின்றன. மின்கலம் தீர்ந்தால் அனைத்தும் அழிந்துவிடும். வாசிப்புக் கருவியின் உதவியுடன் கணினிக்குப் பிரதியெடுத்து வைத்தவர்களிடமே அவை எஞ்சியிருக்கும்.