மலைக்கு அப்பால் மறையும் ஒளி

சிலுவை ஓவியம் என்றதும் கல்வாரிக் காட்சியே நம் மனக்கண்முன் தோன்றும்: அன்னை மரியா, அன்புச் சீடர் யோவான், படைவீரர்கள். ஜெர்மானிய ஓவியர் காஸ்பார் டேவிட் ஃபிரீட்ரிக் (1774-1840) 1808-இல் வரைந்து முடித்த 'மலைமேல் சிலுவை' ஓவியத்தில் இவர்கள் ஒருவரும் இல்லை. ஒரு பாறை மலையின் உச்சி, ஊசியிலை மரங்கள், அவற்றின் நடுவே மெல்லிய உயர்ந்த சிலுவை, பின்னால் செவ்வானம். அவ்வளவுதான்.

சற்று நின்று பார்ப்போம். ஒளிக்கதிர்கள் மலைக்குப் பின்னாலிருந்து எழுகின்றன. கதிரவனோ நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மலையின் நம் பக்கம் இருண்டு கிடக்கிறது. சிலுவையில் தொங்கும் இயேசு நம்மை நோக்காமல் மறையும் கதிரவன் பக்கம் திரும்பியிருக்கிறார். நாம் காணாததை அவர் காண்கிறார்! அதுவும் பொன்னிற உலோகத்தால் ஆன பாடுபட்ட சுரூபம். அதன்மேல் பட்டு, மென்மையாகி வரும் ஒளியே நம்மை வந்தடைகிறது.

ஓவியர் தந்த விளக்கமும் இதுவே. தந்தையாகிய கடவுள் மனிதரோடு நேரடியாக உலவிய காலம் கதிரவனைப்போல மறைந்தது. இனி அவ்வொளி சிலுவையில் அறையுண்டவர் வழியாகவே உலகைச் சேர்கிறது. பாறை அசையாத விசுவாசம். என்றும் பசுமையான மரங்கள் நம்பிக்கை. தந்தையைக் காட்டும்படி இயேசுவிடம் பிலிப்பு கேட்டாரே (யோவான் 14), அந்த ஏக்கம்தான் இந்த அந்தி வானம் முழுவதும் பரவியிருக்கிறது.

1808 கிறிஸ்துமஸ் நாட்களில் ஃபிரீட்ரிக் டிரெஸ்டன் நகரில் தம் அறையை ஓரளவு இருட்டாக்கி, கறுப்புத் துணி விரித்த மேசைமேல் ஓவியத்தை வைத்தார். வந்தவர்கள் ஆலயத்தில் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில் பேசினார்களாம். ஆனால் அடுத்த மாதமே ராம்டோர் என்ற விமர்சகர் கடுமையாக எழுதினார்: இயற்கைக் காட்சி ஓவியம் ஆலயத்தில் நுழைந்து பீடத்தில் ஏறப் பார்ப்பது அகந்தை என்றார். அவரை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. அந்தி வானத்தைப் பார்த்து மனம் நெகிழ்வது செபம் ஆகிவிடாது. நல்ல பாட்டைக் கேட்டாலும் நெகிழத்தான் செய்கிறோம்.

இதற்கு விடை ஓவியத்தின் சட்டத்தில் இருக்கிறது என்போம். ஃபிரீட்ரிக்கின் எண்ணப்படி கியூன் என்ற சிற்பி அதைச் செய்தார். மேலே வளைந்த குருத்தோலைகள், வானதூதர் முகங்கள், அந்தி விண்மீன். கீழே முக்கோணத்துள் இறைவனின் கண். அதன் இருபுறமும் கோதுமைக் கதிரும் திராட்சைக் கொடியும். மலையில் எழும் ஏக்கத்தை, வரைந்தவர் நற்கருணை மேசைக்கு இறக்கிக் கொண்டுவருகிறார். இத்தனைக்கும் அவர் லூத்தரன் சபையைச் சேர்ந்தவர்!

பீட வடிவில் செய்யப்பட்ட இந்த ஓவியம் பீடத்தை அடையவில்லை. தூன்-ஹோஹென்ஸ்டைன் கோமகன் தம்பதியர் அதை வாங்கி, இன்று செக் நாட்டில் உள்ள டெட்ஷன் கோட்டையில், தங்கள் படுக்கையறையில் மாட்டினர். இப்போது டிரெஸ்டன் அருங்காட்சியகத்தில் அந்தச் சட்டத்தோடேயே அதைக் காணலாம்.